ஊருக்குத் தெரிந்த தாலி பதிவேட்டுக்குத் தெரியுமா?

"குடும்பத்துக்குள்ள நடந்தது. வெளிய கொண்டு போகாத, தாயி. கொஞ்சம் பொறுத்துப் போ."

கணவர் கை நீட்டிய மறுநாள் காலையில் தாய் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்கு நம்மவர்கள் சொல்லும் முதல் ஆறுதல் பெரும்பாலும் இதுதான். சொல்பவர்கள் அவருக்குப் பகைவர்கள் அல்லர். பெற்ற அம்மா சொல்கிறார், பெரியம்மா சொல்கிறார், கோயில் தலைவர் சொல்கிறார். குடும்பம் கலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்த அக்கறைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு ஒரு தலைவர் வேண்டும், அவர் சொல்லுக்கு மற்றவர்கள் அடங்க வேண்டும் என்பதை நாம் பண்பாடு என்ற பெயரில் பேசிப் பழகிவிட்டோம். ஆனால், மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இந்த அதிகாரம் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால், பண்பாட்டைவிடக் காகிதங்களே அதிகம் தென்படுகின்றன. மணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், இபிஎப் வாரிசுப் பாரம், வங்கி அட்டை. இவை யார் கையில் இருக்கின்றனவோ, கடைசிச் சொல் அவருடையதாகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் நாட்டின் சட்டம் பெண்கள் பக்கம் கணிசமாக நகர்ந்து வந்திருக்கிறது. காகிதம் இல்லாத பெண்ணை மட்டும் அது பாதி வழியிலேயே விட்டுவிடுகிறது.

பெரட்டுக்குப் போன பெண்

"அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டோடு அடங்கி இருந்தார்கள். இப்போது படித்து, சம்பாதிக்க ஆரம்பித்ததும் எதிர்த்துப் பேசுகிறார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் குறை. நம் தோட்ட வரலாறு இதை ஏற்றுக்கொள்ளாது.

நம் பாட்டிகள் விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் நின்றவர்கள். பால் வெட்டினார்கள், வாளி சுமந்தார்கள், புல் வெட்டினார்கள். 1920களின் இறுதியில் மலாயாவில் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தரச் சம்பளம், போக்குவரத்து வசதியுள்ள பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் அன்றே சம்பளக்காரி. வேலைக்காட்டிலிருந்து திரும்பிய பின் அடுப்படியும் பிள்ளைகளும் அவருக்காகவே காத்திருந்தன. ஆக, சம்பாத்தியம் மட்டுமே அதிகாரத்தைத் தந்துவிடும் என்றால், நம் பாட்டிகள் எல்லாரும் வீட்டுத் தலைவிகளாக இருந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஆணும் சுதந்திரமாக இருக்கவில்லை. துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, அவருக்கும் கீழே தொழிலாளி. வேலைக்காட்டில் நாள் முழுக்கத் தலைகுனிந்து நின்றவருக்குத் தலைநிமிர்ந்து பேச மிஞ்சிய ஒரே இடம் லயத்து வீடுதான். அடிக்கு இதை நியாயமாக்க முடியாது. ஆனால், அந்தக் கை எங்கிருந்து பாடம் கற்றது என்பதை ஓரளவு விளக்கும். அதிகாரம் என்றால் மேலே இருப்பவர் அதட்டுவதும் கீழே இருப்பவர் வாய் பொத்துவதும்தான் என்ற பாடம் தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தபோது, அந்தப் பாடமும் சட்டிபானைகளோடு கூடவே வந்து சேர்ந்தது.

யாருடைய கையொப்பம்?

குடும்பத்தில் யார் பெரியவர் என்பதை ஒரு காலத்தில் சட்டமே சொல்லிவைத்திருந்தது. 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டப்படி பிள்ளையின் பாதுகாவலர் தந்தைதான். பெற்று, வளர்த்து, பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு முக்கியமான பாரங்களில் கையொப்பமிடும் தகுதி இல்லை என்ற நிலை இருந்தது. விட்டுவிட்டுப் போன கணவரைத் தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்க வேண்டிய அவலம் அன்றைய தாய்மாருக்கு இருந்தது. 1999இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகே, முஸ்லிம் அல்லாத தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமீது சம உரிமை என்றானது.

2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதியில் பாலினம் என்ற சொல் சேர்க்கப்பட்டது. மதம், இனம், பரம்பரை, பிறப்பிடம் ஆகியவற்றோடு பாலினத்தின் பெயராலும் பாகுபாடு கூடாது என்றானது. அந்த ஒரு சொல்லின் பலன் 2023 டிசம்பரில் நன்றாகத் தெரிந்தது. குற்றவியல் சட்டத்தின் 498ஆவது பிரிவு, பிறர் மனைவியை ஆசை காட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியிருந்தது. அந்தப் பிரிவைப் பயன்படுத்தும் உரிமை கணவருக்கு மட்டும்தான். தன் கணவரை வேறொருத்தி அழைத்துச் சென்றால் மனைவி அதே வழக்கைத் தொடர முடியாது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. மனைவியைக் கணவரின் உடைமையாகப் பார்த்த காலனிகாலச் சிந்தனையின் ஒரு துண்டு அன்று கழன்று விழுந்தது.

எல்லாத் துண்டுகளும் விழுந்துவிடவில்லை. 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, 21 வயது நிறையாதவர் திருமணம் செய்துகொள்ளத் தந்தையின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. தந்தை இறந்துவிட்டால்தான், அல்லது பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்திருந்தால்தான், தாயின் சம்மதம் கேட்கப்படும். அதுபோல, குற்றவியல் சட்டத்தின் 375ஆவது பிரிவில், மனைவியின் விருப்பமின்றிக் கணவர் உறவு கொள்வதைப் பாலியல் வல்லுறவு என்று கருதாத விதிவிலக்கு தொடர்கிறது. காயம் ஏற்படுத்தியோ அச்சுறுத்தியோ அப்படிச் செய்தால் மட்டும் 375ஏ பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பதிவாகாத திருமணம்

சட்டத்தில் இவ்வளவு மாற்றம் வந்தும் நம் பெண்களில் ஒரு பகுதியினருக்கு அது எட்டாமல் போவதற்குப் பெரிய காரணம், பதிவாகாத திருமணம்.

1982 மார்ச் 1ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்து, பதிவாக வேண்டும். அதற்கு முன் சமய, சம்பிரதாய முறைப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும். அந்தத் தேதிக்குப் பின், கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி, ஆயிரம் பேர் அட்சதை போட்டு, மண்டபத்தில் விருந்து வைத்திருந்தாலும், பதிவு இல்லையென்றால் அது சட்டத்தின் கண்ணில் நிற்காது.

அப்படி இருந்தும் பதிவு தள்ளிப்போகும் வீடுகள் உண்டு. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஜேபிஎன் போகலாம்" என்பார்கள். அடையாள அட்டையில் சிக்கல் இருக்கும். மாப்பிள்ளைக்கு முதல் திருமணம் இன்னும் முறிக்கப்படாமல் இருக்கும். பெண் வீட்டார் கேட்டால், "எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்று எதிர்க்கேள்வி வரும். அந்த ஒரு கேள்வியோடு பேச்சு அடங்கிவிடும். நம்பிக்கையைக் காட்ட வேண்டிய பொறுப்பு எப்போதும் பெண் வீட்டாருக்கே விழுகிறது.

பிறகு நடப்பது என்ன? மணவிலக்குக் கேட்டு அந்தப் பெண் நீதிமன்றம் போக முடியாது. பதிவான, அல்லது பதிவானதாகக் கருதப்படும் திருமணத்தைத்தான் நீதிமன்றம் முறிக்க முடியும். மணவிலக்கு இல்லையென்றால் ஜீவனாம்சமும் இல்லை, சொத்துப் பிரிவினையும் இல்லை. பதிவு செய்த மனைவிக்கு நிலைமை வேறு. சொத்து கணவர் சம்பாத்தியத்தில் வாங்கியதாக இருந்தாலும், வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் குடும்பத்தைக் கவனித்ததையும் 76ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் அவரது பங்களிப்பாகக் கணக்கில் கொள்ளும். இருபது ஆண்டு ஒரே வீட்டில் உழைத்த இரண்டு பெண்களில் ஒருவருக்குப் பங்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு சான்றிதழ்தான்.

கணவருக்கு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. பதிவான திருமணம் இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தால் அது இருதார மணக் குற்றம். பதிவே இல்லையென்றால், அவர் பதிவு இலாகாவின் ஏட்டில் மணமாகாதவர். நாளையே வேறொரு பெண்ணை முறைப்படி பதிவு செய்துகொள்ளலாம். ஊருக்கு முன்னால் முதலில் தாலி கட்டிக்கொண்டவர், காகிதத்தில் யாருமில்லாதவராகி நிற்பார்.

அவர் இறந்துவிட்டாலும் சிக்கல் தீராது. சொக்சோ வாரிசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் மணச் சான்றிதழ் கேட்பார்கள். இபிஎப் சேமிப்பு, முஸ்லிம் அல்லாதாரைப் பொறுத்தவரை, வாரிசாகப் பெயர் குறிக்கப்பட்டவருக்குப் போகும். வேலையில் சேர்ந்த புதிதில் தாயின் பெயரை எழுதிவிட்டுத் திருமணத்துக்குப் பின் மாற்ற மறந்தவர்கள் பலர். மாமியாரும் மருமகளும் இழவு வீட்டிலேயே முகம் திருப்பிக்கொள்ள இது ஒன்று போதும்.

பிள்ளைகளையும் இது விடுவதில்லை. பெற்றோர் திருமணம் பதிவாகவில்லையென்றால், இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இடம்பெறும். குடியுரிமை தாயைப் பின்பற்றியே போகும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், தந்தை நீல நிற அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடும் அபாயம் உண்டு. பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கும் வழியை மட்டும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பெற்றோர் மணமாகாதவர்களாக இருந்தாலும் பிள்ளையைப் பராமரிக்கும்படி தந்தைக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அடிக்கிற கை

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். "அடியாத மாடு படியாது" என்று இன்னொன்றும் உண்டு. முதலாவதை மனைவிக்கும் இரண்டாவதைப் பிள்ளைக்கும் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

பிள்ளை அடி வாங்கும்போது வலியை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. கோபம் வந்தால், பலம் உள்ளவர் கை நீட்டலாம் என்பதையும் கற்றுக்கொள்கிறது. பள்ளி விதிமுறைகளே பிரம்படி விஷயத்தில் ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. 1959ஆம் ஆண்டு பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் மாணவிகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடை செய்கின்றன. மாணவனுக்கு அந்தத் தடை இல்லை. அடி வாங்கித் தாங்கினால்தான் ஆண் என்று வளர்ந்த பையன், பின்னாளில் அடி கொடுப்பதையும் ஆண்மையாக எண்ணினால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்குள் கண்டிப்பு எல்லை மீறினால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட பின், சிறாரைத் துன்புறுத்துவோருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மனைவியை அடிப்பதைப் பொறுத்தவரை, "குடும்ப விவகாரம்" என்ற பேச்சுக்கு 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. 1996இல் அது அமலுக்கு வந்தது. 2012இலும் 2017இலும் திருத்தப்பட்டது. இன்று அடி உதை மட்டும் வன்முறை அல்ல. அச்சுறுத்துவது, அடைத்து வைப்பது, பொருளை உடைப்பது, மனத்தை நோகடித்து வதைப்பது, பணத்தையோ சொத்தையோ ஏமாற்றி எடுத்துக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். கணவர் மட்டுமல்ல, குடும்பத்தில் வேறு எவர் செய்தாலும் பொருந்தும். மாமியார் வீட்டுக் கொடுமையும் இதற்குள் வரும். மனைவியால் வதைபடும் கணவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

நம் சமூகம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இச்சட்டத்தில் இருக்கிறது. மணத்துணை என்பதற்கு அது தரும் விளக்கத்தில், சமயம் அல்லது வழக்கப்படி சடங்கு செய்து மணந்தவரும் அடங்குவார், அந்தத் திருமணம் பதிவாகாமல் இருந்தாலும் கூட. அதாவது, மணவிலக்குக்கும் சொத்துக்கும் செல்லாத தாலி, அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்கச் செல்லும். "உனக்குத்தான் ரெஜிஸ்டர் மேரேஜே இல்லையே, நீ எங்கே போய் ரிப்போர்ட் பண்ணுவே?" என்று மிரட்டுபவர் சொல்வது உண்மையல்ல.

போலீஸ் புகார் செய்யாமலேயே சமூக நல இலாகா அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அது ஏழு நாளுக்குச் செல்லும். போலீஸ் விசாரணை நடக்கும்போது மஜிஸ்திரேட் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். பாதுகாப்பு உத்தரவில், வீடு அடித்தவர் பெயரிலேயே இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் மட்டும் அங்கே குடியிருக்கும் உரிமையைத் தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "என் வீட்டை விட்டு வெளியே போடி" என்ற அதட்டலுக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் அது.

ஆனால், தோட்டத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். கணவரின் வேலையோடு கட்டிப்போட்ட வீடு. புகார் செய்து, அவர் கைதாகி, வேலை போனால், வீடும் போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அந்தத் தாய் எங்கே போவார்? பொறுத்துப் போ என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அது கோழைத்தனம் அல்ல, போக்கிடம் இல்லாதவரின் கணக்கு. உத்தரவு கையில் கிடைத்தாலும் அன்றிரவு படுக்க ஓர் இடம் வேண்டும். அதைத் தர வேண்டியது உறவும் ஊரும் அரசும்.

தீர்ப்பு மட்டும் போதுமா?

காகிதம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கு நாடறிந்தது. 2009இல் மதம் மாறிய கணவர், மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையை எடுத்துச் சென்றார். பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையை உயர் நீதிமன்றம் தாய்க்கு வழங்கியது. 2018 ஜனவரி 29ஆம் தேதி, தாய் தந்தை இருவரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1999இல் தாய்க்குக் கிடைத்த அந்தச் சம உரிமை, தீர்ப்புக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்றாக நின்றது. இருந்தும், தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் கடைசி மகள் தாயின் கைக்கு வந்து சேரவில்லை.

சட்டம் எழுதப்படுவது ஒன்று, நிறைவேற்றப்படுவது வேறொன்று. புகார் வாங்கும் போலீஸ்காரர், பாரம் எழுதும் அதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவரும் தத்தம் கடமையைச் செய்தால்தான் காகிதத்துக்கு உயிர் வரும்.

பெரியவர்கள் செய்யக்கூடியது

பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டு மனு செய்தால், முதலில் சமரச மன்றத்துக்குப் போய் வாருங்கள் என்று சில விதிவிலக்குகளோடு சட்டமே சொல்கிறது. கருத்து வேறுபாட்டுக்கும் கடன் தகராறுக்கும் மாமியார் மருமகள் மனத்தாங்கலுக்கும் பேச்சு நல்ல மருந்து. அடிக்கு அது மருந்தாகாது. பேசித் தீர்க்க உட்காரும் இருவரில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தால், அங்கே நடப்பது சமரசம் ஆகாது.

பெரியவர்களால் அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. திருமணத் தேதி குறிக்கும் நாளிலேயே, "பதிவு எப்போது?" என்று கேட்பது. பதிவுக்கு முன் அறிவிப்பு 21 நாள் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்பதால், பத்திரிகை அச்சடிக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிட வேண்டும். துணைப் பதிவாளர் உள்ள ஆலயங்களில் தாலியும் பதிவும் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்படி ஒருவர் இல்லாத ஆலய நிர்வாகங்கள், பதிவுச் சான்றைப் பார்த்த பின்பே முகூர்த்தத்துக்கு மண்டபம் தருவது என்று முடிவெடுத்தால், பல பெண்களின் பிற்காலச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். ஏற்கெனவே பதிவில்லாமல் வாழ்ந்து வரும் தம்பதிகள் இன்றும் ஜேபிஎன் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் நகைப்பெட்டியோடு ஒரு கோப்பும் இருக்கட்டும். அவரது அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், கல்விச் சான்றிதழ், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, நாளை மணச் சான்றிதழ். ஆபத்தென்றால் 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண் மனப்பாடமாக இருக்கட்டும். மகனைப் பெற்றவர்களும் ஒன்று செய்யலாம். மருமகள் தாய் வீடு போன மறுநாள், "அவ என்ன தப்பு பண்ணினா?" என்று கேட்பதற்கு முன், "நீ என்ன பண்ணினே?" என்று மகனிடம் கேட்கலாம்.

தாய் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளுக்கு முதல் வார்த்தை, "உள்ள வா" என்பதாக இருக்கட்டும். பொறுத்துப் போவதா, புகார் செய்வதா என்பதை அவர் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பின், தானே முடிவு செய்வார்.